கும்பிடும் வள்ளம்

அத்தியாயம் ஐந்து

வியாழக்கிழமை பின்னேரம் நிரோஜினி எங்கள் காரியாலயத்துக்குள் நுழைந்தபோது நான் மேசை விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். காரியாலயம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். உடுவிலில் நவமணி ரீச்சரின் வீட்டோடு ஒட்டிய கராஜ் அது. காரை விற்றாயிற்று. கார் நின்ற இடத்தில் இப்போது ஒரு மேசை, மூன்று கதிரை, 'நவமணி துப்பறியும் நிலையம்' என்ற பலகை, பிறகு நான்.

கல்யாணம் பேசுகிற இடத்தில் மாப்பிள்ளை குடிக்கிறவனா, குடும்பத்தில் ஏதும் கரைச்சல் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதுதான் எங்கள் தொழிலில் முக்கால்வாசி. காலம் முழுக்கப் பரீட்சை மண்டபத்தில் கொப்பி அடிக்கிறவர்களைப் பிடித்தே பேரெடுத்த ரீச்சருக்கு அது கைவந்த வேலை. என் பெயர் பிறேம். ஸ்கூட்டி ஓட்டுவது, போனில் எதையும் தேடிக் கொடுப்பது, ரீச்சர் சிரிக்காத பகிடிகளைச் சொல்வது என் பொறுப்பு.

"ரீச்சர், என்ரை கல்யாணம் நிக்கப்போகுது," என்றாள் நிரோஜினி.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்தக் கல்யாணம் எங்களுக்குப் புதிதல்ல. நிரோஜினி குருநகர் லெனாட்டின் மகள், கத்தோலிக்கம். மாப்பிள்ளை ஜொனதன் இதே உடுவிலில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஜோர்ஜின் மகன், புரட்டஸ்தாந்து. இரண்டு பக்கத்துக் கோயிலையும் சமாதானப்படுத்தவே ஒரு வருடம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டாரை விசாரித்து, 'எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத குடும்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் ரீச்சர். திங்கட்கிழமை தாலி.

"ஆர் நிப்பாட்டினது? பெடியனோ?"

"அவர் பாவம். அப்பாதான். கள்ளன்ரை வீட்டுக்குத் தன்ரை பிள்ளையைக் குடுக்கமாட்டாராம். ஜோர்ஜ் மாமா அப்பான்ரை வள்ளத்தைக் களவெடுத்துப்போட்டாராம்."

நான் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தேன். "காங்கேசன்துறையிலை கப்பலைக் கண்டாலே வயித்தைப் பிரட்டுற ஆள் ஜோர்ஜ் ஐயா. அவர் வள்ளத்தைக் களவெடுத்து எங்கை வைச்சிருப்பார்? மாட்டுக்கொட்டிலிலையோ?"

"போனுக்குள்ளை," என்றாள் நிரோஜினி.

பிறகு அவள் சொன்னதை ரீச்சர் இரண்டு தரம் கேட்டுத்தான் நம்பினார். 'ஆழியரசு' என்று ஒரு விளையாட்டு. உலகம் முழுக்க உள்ளவர்கள் போனில் ஒரே கடலில் மீன் பிடிப்பார்கள். லெனாட் இரவில் உண்மையான கடலில் மீன் பிடித்துவிட்டு, காலையில் களைப்பாறுவதற்காக அந்தக் கடலில் மீன் பிடிக்கிறவர். ஜோர்ஜும் அதே விளையாட்டில் இருக்கிறார் என்பது சம்பந்தம் பேசும்போதுதான் வெளிவந்தது. கல்யாணம் கெதியாகப் பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம். போன சனிக்கிழமை லெனாட் போனைத் திறந்தால் அவருடைய பொன் வள்ளம் துறையில் இல்லை.

"நான் அழுதுபோட்டன் ரீச்சர். அப்பா நிமிந்தும் பார்க்கேல்லை. அந்த வள்ளம் ஓடுறதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்." அவள் கண்ணைத் துடைத்தாள். "ஞாயிறுக்குள்ளை கள்ளனைப் பிடிச்சுத் தாங்கோ. இல்லாட்டி எனக்குக் கல்யாணம் இல்லை."

ரீச்சர் மேசையில் விரலால் தட்டினார். கெட்ட பழக்கம் இல்லாத குடும்பம் என்று எழுதிய கை அது.

"குடி, சூது, பெண் எண்டு எல்லாம் விசாரிச்சனாங்கள் பிறேம். போனைப் பற்றி ஒருத்தரிட்டையும் கேட்கேல்லை," என்றார். "நாளைக்கு விடியக் குருநகருக்குப் போறம்."

*

லெனாட் கட்டையான, உரமான மனிதர். கடலுக்கு உடுத்துப் போன சாரத்தோடேயே கதிரையில் இருந்தார். கையில் மகளின் போன். தன்னுடைய போன் உள்ளே விடாததால், மகளின் பெயரில் ஒரு சின்னத் தோணியை எடுத்து, அதில் இருந்தபடி தன் வள்ளத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கல்யாணத்துக்கு அடித்த வெள்ளை இன்னும் மணத்தது.

"இஞ்சை பாருங்கோ," என்று தன்னுடைய போனை ரீச்சரிடம் நீட்டினார். திரையில் ஒரு வரி: 'இந்த வள்ளம் இப்போது கடலில் உள்ளது. தயவுசெய்து பின்னர் முயற்சிக்கவும்.'

"நான் இஞ்சை இருக்கிறன். வள்ளம் கடலிலை நிக்குது. அப்ப ஓட்டுறது ஆர்?"

"கொம்பனிக்கு முறைப்பாடு குடுத்தனீங்களோ?"

"கொம்பனியிலை மனுசர் இல்லைப் பாருங்கோ. உவன் ஒருத்தன்தான் இருக்கிறான்."

உவன் என்றது திரையின் மூலையில் தொப்பி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு கணவாய் மீனை. பெயர் கப்டன் கணவாய். லெனாட் அதைத் தொட்டு, 'என்ரை வள்ளத்தைக் களவெடுத்திட்டாங்கள்' என்று எழுதிக் காட்டினார். உடனே பதில் வந்தது.

'வணக்கம் வீர மீனவரே! உங்கள் உணர்வுகள் எங்களுக்கு மிகவும் முக்கியம்! உங்கள் கவலையைப் போக்க இதோ ஒரு கொள்ளையர் தொப்பி! இன்று மட்டும் பாதி விலை!'

"எத்தினை தரம் எழுதிப்போட்டன். ஒவ்வொருக்காலும் தொப்பி விக்கிறான்."

"ஒண்டை வாங்கிப் பார்த்திருக்கலாம் அண்ணை," என்றேன்.

"வாங்கினனான்." விரலால் திரையைத் துடைத்தார். "ரெண்டு."

ரீச்சர் வள்ளத்தின் சரித்திரத்தைக் கேட்டார். லெனாட்டுக்குக் கதை வந்துவிட்டது. முதலில் வலை சும்மா தந்தார்களாம். பிறகு வலை தானாகக் கிழியத் தொடங்கி, தைக்க நூலை விற்றார்களாம். பிறகு அலை பெரிதாகி, அலை இல்லாத கடலுக்கு வேறு சீட்டு எடுக்கச் சொன்னார்களாம். அதைப் பருவத்துக்குப் பருவம் காசு கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒரு நாள் போகாவிட்டால் முதல் நாள் பிடித்த மீன் நாறிப்போகும். பொன் வள்ளத்தை ஒரே ஒரு பருவத்தில் மட்டும் விட்டார்களாம். பிடிக்க வேண்டிய மீனை எல்லாம் பிடித்துக் கொடுத்து அவர் எடுத்தார். இனி அது கிடையாது.

"இவ்வளவு ஆக்கினையெண்டால் விட்டிருக்கலாமே?" என்றார் ரீச்சர்.

"விட்டால் இவ்வளவு காலம் பட்ட ஆக்கினை வீணாப்போகுமே."

"ஜோர்ஜ்தான் எடுத்தவர் எண்டு எதை வைச்சுச் சொல்லுறியள்?" என்று ரீச்சர் பேச்சை மாற்றினார்.

லெனாட் மகளின் போனைப் பக்கத்தில் இழுத்தார். "நான் துறையை விட்டு வெளிக்கிடேக்கை வள்ளத்தின்ரை முன் அணியத்தை வெளிச்சவீட்டுப் பக்கம் திருப்பி ஒருக்கால் நிப்பன். அதின்ரை உச்சியிலை சிலுவை மாதிரி ஒரு இரும்பு நிக்குது. கும்பிட்டுட்டுத்தான் போவன். இதை நான் என்ரை மனிசிக்குக்கூடச் சொல்லேல்லை. சம்பந்தம் பேச வந்த அண்டைக்கு ஜோர்ஜுக்கு மட்டும் சொன்னனான். இப்ப கள்ளனும் கும்பிடுறான். என்னை நக்கல் அடிக்கிறான் பாருங்கோ."

"வேறை?"

"ஞாயிறு நான் கடலுக்குப் போறேல்லை. எங்கடை ஆக்கள் ஒருத்தரும் போகாயினம். அந்தக் கடலுக்கும் நான் போறேல்லை, சனி பிடிச்சது நாறினால் நாறட்டும் எண்டு விட்டிடுவன். போன ஞாயிறு இந்தக் கள்ளன் என்ன செய்தவன் தெரியுமோ? வள்ளத்தை நங்கூரம் போட்டுத் துறையிலை விட்டிருந்தான். ஞாயிறிலை இரட்டை மீன் குடுக்கிறாங்கள், ஆர் விடுவான்? கோயிலுக்குப் போற கள்ளன்தான் விடுவான். ஜோர்ஜ் அங்கை கோயிலிலை பெரிய ஆள்."

ரீச்சர் மூக்கைச் சொறிந்தார். இரண்டு தடயமும் நேராக உடுவிலுக்குத்தான் விரலை நீட்டின.

அந்த நேரம் ஒழுங்கை முனையில், காலையில் பேக்கரிப் பாண் விற்க வருகிற ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. லெனாட் சொல்லிக்கொண்டிருந்த வசனத்தைப் பாதியில் விட்டு எழுந்தார். வீடு பற்றி எரிந்தாலும் றோஸ் பாண் வாங்கிக்கொண்டு வந்துதான் அணைப்பார் போலிருந்தது. படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மகளின் போன் கதிரையில் கிடந்தது. ரீச்சர் அதை எடுத்துப் பார்த்தார். என் முழங்கையைத் தட்டினார்.

நடுக்கடலில் பொன் வள்ளம் அசையாமல் நின்றது.

வெளியே பாண்காரர் அருளம்பலம் பாணை எண்ணிக் கொடுத்தார். லெனாட் நேற்றைய பணிஸ் கல்லுப் போல இருந்தது என்று குறை சொன்னார். அருளம்பலம் லெனாட்டின் பல்லைக் குறை சொன்னார். எல்லாம் முடிந்து லெனாட் பையோடு படலையைச் சாத்தவும் வள்ளம் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஸ்கூட்டியில் ஏறியதும் நான் என் முடிவைச் சொன்னேன். "வேலை முடிஞ்சுது ரீச்சர். கள்ளன் இந்த ஒழுங்கையிலைதான் இருக்கிறான். பாண் வந்தவுடனை போனை வைச்சிட்டு வாங்கப் போறான். ஆர் ஆர் பாண் வாங்குகினம் எண்டு நாளைக்கு வந்து பார்த்தால் சரி."

"ஒழுங்கை முழுக்கத்தானே பாண் வாங்குது."

"அப்ப ஒழுங்கை முழுக்கக் கள்ளர்."

ரீச்சர் சிரிக்கவில்லை. "ஜோர்ஜ் வீட்டை விடும்," என்றார்.

*

ஜோர்ஜ் உயரமான, மெலிந்த மனிதர். சட்டையின் மேற்பொத்தான் வரை பூட்டியிருந்தார். மனைவி ரஞ்சினி எங்களுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனதும் ரீச்சர் நேராக வந்தார்.

"போன ஞாயிறு காலமை எங்கை இருந்தனீங்கள்?"

"கோயிலிலை. முன் வாங்கிலை இருந்தனான். ஆரிட்டையும் கேளுங்கோ."

"கோயிலிலை என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

இப்படி ஒரு கேள்வியை உடுவிலில் யாரும் யாரிடமும் கேட்டிருக்கமாட்டார்கள். ஜோர்ஜ் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கழுத்து சிவந்தது.

"லெனாட்டின்ரை வள்ளத்தை நீங்கள் எடுத்ததெண்டு நான் நினைக்கேல்லை," என்றார் ரீச்சர். "ஆனா நீங்கள் எதையோ ஒளிக்கிறியள். ரெண்டு நாளிலை பிள்ளையளின்ரை கல்யாணம் நிண்டுபோம். நிண்டாலும் பரவாயில்லையோ உங்களுக்கு?"

ஜோர்ஜ் கதிரையை முன்னுக்கு இழுத்து, மிகவும் மெல்லிய குரலில் சொன்னார்.

"பிரசங்கம் நீளம் ரீச்சர்."

"சொல்லுங்கோ."

"பாட்டுப் புத்தகத்துக்குள்ளை போனை வைச்சு விளையாடுறனான். ஒவ்வொரு ஞாயிறும். மற்ற நாளிலை உந்தக் கடலிலை சரியான சனம், வலை போட இடமில்லை. ஞாயிறிலை இரட்டை மீன் எண்டு அறிவிக்கிறாங்கள், ஆனா ஒருத்தரும் வாறேல்லை. கடல் வெறுமையாக் கிடக்கும். நான் ஒராள்தான். கர்த்தர் எனக்கெண்டு ஒதுக்கித் தந்த நேரம் எண்டு நினைச்சன்."

நான் தேத்தண்ணி வருவதற்கு முன்பே புரைக்கேறி இருமினேன். லெனாட் எப்போதும் இரண்டாம் இடம் என்றும், ஜோர்ஜ் எப்போதும் முதலாம் இடம் என்றும் நிரோஜினி சொன்னது ஞாபகம் வந்தது.

"ஒருத்தரும் வாறேல்லையெண்டால்?" ரீச்சர் முன்னுக்குச் சாய்ந்தார். "மற்ற வள்ளங்கள் எங்கை நிக்கும்?"

"துறையிலை. எல்லாம் நங்கூரம் போட்டு நிக்கும்."

"எல்லாமோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஒண்டும் மிச்சமில்லை. ஒரு வருசத்துக்கு மேலை இப்பிடித்தான்."

"அதை லெனாட்டுக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் கள்ளனில்லை எண்டு அண்டைக்கே முடிஞ்சிருக்கும். போன ஞாயிறு நீங்கள் ஓட்டினது உங்கடை வள்ளத்தை."

"அவருக்குச் சொன்னால் அவர் நிரோஜினிக்குச் சொல்லுவார். அவள் ஜொனதனுக்குச் சொல்லுவாள். அவன் தாய்க்குச் சொல்லுவான்." ஜோர்ஜ் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "அவ போதகருக்குச் சொல்லுவா. கோயில் வாங்கிலை நான் பிறகு எப்பிடிப் போய் இருக்கிறது?"

ரஞ்சினி தேத்தண்ணியோடு வந்தார். "என்ன, முகம் வாடிப்போய் இருக்கிறார்?" என்று கேட்டார்.

"போன ஞாயிற்றுப் பிரசங்கத்தைப் பற்றிக் கதைச்சனாங்கள் அன்ரி," என்றேன். "ஐயாவுக்கு அது மனசைத் தொட்டிட்டுதாம்."

திரும்பி வரும்போது ரீச்சர் ஸ்கூட்டியின் பின்னால் குடையைப் பிடித்தபடி இருந்தார்.

"ரீச்சர், உலகத்திலை உந்த விளையாட்டு விளையாடுற எல்லாரும் குருநகர்ச் சனம் எண்டால் சரியா வருது," என்றேன்.

"ஒரு வள்ளம் ஞாயிறிலை நிண்டால் அது பக்தி. எல்லா வள்ளமும் நிண்டால் அது பக்தியில்லை பிறேம்."

"அப்ப என்ன?"

"பாண்கார அருளம்பலம் பின்னேரம் எங்கை நிப்பார்? என்னை அங்கை கொண்டுபோய் விடும்."

*

அருளம்பலத்திடம் ரீச்சர் வைத்த கோரிக்கை இலகுவானது. சனிக்கிழமை காலை லெனாட்டின் ஒழுங்கைக்குள் வரக்கூடாது, பாட்டும் போடக்கூடாது, சந்திக்கு அப்பாலே நிற்க வேண்டும். விற்காத பாணை ரீச்சரே எடுப்பார். அருளம்பலம் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அடுத்த கிழமை முழுக்க நான் மூன்று நேரமும் பாண் தின்னப் போகிறேன் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை லெனாட்டின் வீட்டுக்குள் ஜோர்ஜ் வந்து இருந்தார். அவரை உள்ளே விடுவதற்கு நிரோஜினி தகப்பனிடம் என்ன பாடு பட்டாளோ தெரியாது. இரண்டு சம்பந்திகளும் ஒரே அறையில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள். நடுவில் நிரோஜினி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். கையில் நேற்றுப் போட்ட மருதோன்றி சிவந்திருந்தது.

"ஜோர்ஜ், உங்கடை வள்ளத்தைக் கடலுக்கு விடுங்கோ. நான் சொல்லும்வரை ஓட்டிக்கொண்டே இருக்கவேணும்," என்றார் ரீச்சர். ஜோர்ஜின் வள்ளத்தின் பெயர் 'நல்ல மேய்ப்பன்'. அதைத் துறையிலிருந்து எடுக்கும்போதே இன்னொன்றோடு இடித்தார். லெனாட் சுவரைப் பார்த்தபடியே நாக்குச் சப்பினார்.

நாங்கள் மற்றவர்கள் நிரோஜினியின் போனைச் சுற்றி இருந்தோம். லெனாட்டின் பொன் வள்ளம் வெளிச்சவீட்டுப் பக்கம் திரும்பி நின்று கும்பிட்டது. பிறகு கடலுக்கு ஓடியது.

பாண் வருகிற நேரம் வந்தது. லெனாட்டின் கண் படலைக்குப் போனது. பாட்டு இல்லை. ஓட்டோ இல்லை. ஒழுங்கையில் ஒரு நாய் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

பொன் வள்ளம் நடுக்கடலில் நின்றது.

"பாண் வரேல்லையே," என்றேன். என் முடிவு என் கண்ணுக்கு முன்னாலேயே தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. "பிறகு கள்ளன் ஏன் எழும்பிப் போனவன்?"

"ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை," என்றார் ரீச்சர். "கடல் முழுக்கத் தெரியிற மாதிரிப் படத்தைச் சின்னனாக்கும்."

நான் இரண்டு விரலால் சுருக்கினேன். நிரோஜினி "மாதாவே" என்று மெல்லச் சொன்னாள். கடல் முழுக்க நின்றது. கறுப்பு வள்ளம், சிவப்பு வள்ளம், பாய் விரித்தது, இயந்திரம் பூட்டியது, யப்பான் பெயர் எழுதியது, பிரேசில் கொடி பறந்தது எல்லாம் இருந்த இருந்த இடத்தில் அசையாமல் நின்றன. உலகத்துச் சமுத்திரம் முழுவதும் குருநகர் ஒழுங்கையில் பாண் வாங்கப் போயிருந்தது.

ஒரே ஒரு வள்ளம் மட்டும் அங்குமிங்கும் ஓடி, நிற்கிறவற்றோடு முட்டி மோதிக்கொண்டிருந்தது. அது நல்ல மேய்ப்பன்.

லெனாட் போனை வாங்கி மூக்கருகே பிடித்தார். "இவ்வளவு காலம் நான் இதைக் காணேல்லையே."

"எப்பிடிக் காணுவியள்? இந்த நேரம் நீங்கள் படலையடியிலை நிப்பியள். ஞாயிறிலை போனைத் தொடுறேல்லை. போன ஞாயிறு பார்க்கேக்கையும் உங்கடை வள்ளத்தை மட்டும்தான் பார்த்திருப்பியள்." ரீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். பரீட்சை மண்டபத்துக் குரல் வந்துவிட்டது. "வகுப்பிலை எல்லாரும் ஒரு கணக்கைச் சரியாச் செய்தால் நான் ஒண்டும் சொல்லமாட்டன். எல்லாரும் ஒரே பிழையை விட்டிருந்தால் ஒரு கொப்பியைப் பார்த்து எழுதியிருக்கிறாங்கள். கடலிலை மீன் பிடிக்கிறவன் பாணுக்கு நிக்கிறது உங்கடை பிழை லெனாட். அது எல்லா வள்ளத்திலையும் இருக்கு."

"அப்ப உந்தச் சனம் எல்லாம்?"

"சனம் இல்லை. எல்லாம் நீங்கள்தான்."

ரீச்சர் லெனாட்டின் போனை என்னிடம் தந்தார். "அந்தக் கணவாயிட்டைக் கேளும். களவு எண்டு எழுதவேண்டாம். களவெண்டு அவன் நினைக்கேல்லைப் போலை. சீட்டுப் புதுப்பிக்காட்டி வள்ளத்துக்கு என்ன நடக்கும் எண்டு கேளும்."

நான் எழுதினேன். கப்டன் கணவாய் தொப்பியைத் தூக்கியது.

'அருமையான கேள்வி வீர மீனவரே! பருவச் சீட்டுப் புதுப்பிக்காதவர்களின் வள்ளங்கள் எமது ஓயாக் கடல் திட்டத்தின் கீழ் அவரவர் பழக்கப்படியே தொடர்ந்து ஓடும்! ஆளில்லாத வெறும் வள்ளங்களுக்கும் எமது மிக ஒழுங்கான வீரரின் பழக்கம் கற்பிக்கப்பட்டுள்ளது! இதற்கு நீங்கள் ஏற்கெனவே சம்மதித்துவிட்டீர்கள்! இன்றே சீட்டு வாங்கி உங்கள் வள்ளத்தை உங்களிடமிருந்தே மீட்டுக்கொள்ளுங்கள்!'

"சம்மதம் எண்டு ஒரு பெட்டி வந்தது," என்றார் லெனாட் மெதுவாக. "அமத்தினனான். அதை அமத்தாட்டி உள்ளை விடான்."

"சீட்டு ஏன் புதுப்பிக்கேல்லை?" என்று கேட்டார் ரீச்சர். "மூண்டு வருசமா எடுத்தனீங்கள் எண்டு பிள்ளை சொன்னவள்."

லெனாட் கழுத்தைச் சொறிந்தார். "கல்யாண மண்டபத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு பருவம் விட்டால் என்ன எண்டு விட்டிட்டன்."

நிரோஜினி தட்டை மேசையில் வைத்தாள். அவளுடைய முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். மூன்று நாளாகத் தகப்பன் தன்னைவிட ஒரு வள்ளத்தைப் பெரிதாக நினைக்கிறார் என்று அழுதவள் அவள்.

"அதை ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லுறதுக்கு அதிலை என்ன கிடக்கு பிள்ளை."

அவள் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவர் அவளுடைய தலையில் கையை வைத்துக்கொண்டு, முதல் தடவையாக ஜோர்ஜின் பக்கம் திரும்பினார்.

"பிழை விட்டிட்டன் சம்பந்தி. இந்தக் கடலிலை மனுசன் எண்டு இருந்தது நீங்கள் ஒராள்தான். உங்களைப் போய்க் கள்ளன் எண்டிட்டன்."

அது ஜோர்ஜின் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை. அவர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாண் நேரம் முடிந்து எல்லா வள்ளங்களும் ஒரே கணத்தில் புறப்பட்டன.

"மூண்டு பருவம் நான் முதலாம் இடம்," என்றார். "ஆரை வெண்டனான் அப்ப?"

"லெனாட் அண்ணையை," என்றேன். "ஆயிரக்கணக்கான லெனாட் அண்ணையை. அதுவும் அவையள் ஞாயிறு லீவிலை நிக்கேக்கை."

லெனாட்டின் புருவம் உயர்ந்தது. "ஞாயிறிலையோ? எத்தினை மணிக்கு?"

ஜோர்ஜ் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் கூரையைப் பார்த்தார். இனித் தப்ப வழியில்லை. ஜோர்ஜ் மேற்பொத்தானைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். பாட்டுப் புத்தகம் வரை சொன்னார்.

லெனாட் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்த முடியாமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். "பிரசங்க நேரத்திலையோ? முன் வாங்கிலையோ?"

"ரஞ்சினிக்குத் தெரியக்கூடாது."

"என்ரை வாயாலை வராது. இனி நாங்கள் ஒரு குடும்பம்." லெனாட் கையை நீட்டினார். ஜோர்ஜ் பிடித்தார். நிரோஜினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய் எல்லாருக்கும் புதிதாகத் தேத்தண்ணி போட்டாள். தொட்டுச் சாப்பிட எங்களிடம் ஓட்டோ நிறையப் பாண் இருந்தது.

போகும் முன் ஜோர்ஜ் போனை எடுத்தார். அவருடைய சீட்டும் அன்றோடு முடிகிறதாம். புதுப்பிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினார். கப்டன் கணவாய் அழுதுகொண்டு தொப்பி ஒன்றைச் சும்மா தந்தது. அதையும் வேண்டாம் என்றார். அந்த நேரம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

*

திங்கட்கிழமை குருநகரில் தாலி ஏறியது. மண்டபத்தில் ரீச்சரும் நானும் சாப்பாட்டு மேசையை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஜோர்ஜ் கோட்டும் சூட்டுமாக வந்து எங்களை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்தார். மகனுக்குக் கல்யாணம் கட்டிவைத்த மனிதரின் முகமாக அது இல்லை.

"ரீச்சர், நேற்று நான் போனை வீட்டை வைச்சிட்டுத்தான் கோயிலுக்குப் போனனான். பிரசங்கம் முழுக்கக் கேட்டன். ஒரு சொல் விடேல்லை."

"நல்ல விசயம்."

"வீட்டை வந்து சும்மா திறந்து பார்த்தன்." போனை நீட்டினார். "என்ரை வள்ளம் கடலிலை நிண்டிருக்கு. பிரசங்க நேரத்திலை. மற்ற எல்லாம் துறையிலை, என்ரை மட்டும் தனிய நிண்டு அள்ளியிருக்கு."

நான் வாங்கிப் பார்த்தேன். உண்மை. உள்ளே விடவில்லை, 'இந்த வள்ளம் இப்போது கடலில் உள்ளது' என்று சொல்லியது. வெளியே தெரிந்த பட்டியலில் ஞாயிற்றுக்கிழமை மீன் எல்லாம் அவருடைய பெயரில் குவிந்து கிடந்தது. நல்ல மேய்ப்பன் முதலாம் இடம்.

"நான் திருந்திட்டன் ரீச்சர். அது திருந்தேல்லை. இனிக் காலம் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும், பிரசங்கம் தொடங்கின உடனை, என்ரை பேரைப் போட்டுக்கொண்டு அது போகும். நான் செத்தாலும் போகும். சீட்டைத் திரும்ப எடுத்தால் நானும் திரும்ப விளையாடுவன். உதை நிப்பாட்ட வேறை வழியில்லையோ?"

ரீச்சர் பரீட்சை மண்டபத்தில் எத்தனையோ களவைப் பிடித்தவர். இதற்கு அவரிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. "கணவாயிட்டைக் கேட்டுப் பார்ப்பம்," என்றார், தானே நம்பாத குரலில்.

பின்னால் லெனாட் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. வாடகைக் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஜோர்ஜின் தோளில் கையைப் போட்டார்.

"விடுங்கோ சம்பந்தி. என்ரை வள்ளம் அங்கை நிக்குதெல்லே. நாளைக்கும் வெளிச்சவீட்டைப் பார்த்து நிண்டு கும்பிடும். இனி அது உங்கடை வள்ளத்துக்கும் சேர்த்துக் கும்பிடட்டும்."

ரீச்சர் சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் என் பகிடி ஒன்றுக்கும் சிரிக்காதவர், வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாகவே இருந்தது.

லெனாட் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகத்தான் சொன்னார்.